செல்வமலரின் கண்ணும் என் கையெழுத்தும்

பலெர்மோ,
1998 ஐப்பசி 30 இல் தொடங்கி
கார்த்திகை 4 இல் முடித்தது

பேசாலையில் இருக்கும் என் மதிப்புக்குரிய மச்சான் அலோசியஸ் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கை செல்வமலரும் எங்கள் மகள் செலஸ்ரீனாவும் இங்கே சுகம். நீங்களும் சறோஜா அக்காவும் சுகமாக இருக்கவேண்டும் என்று மன்றாடுகிறேன். இந்த இரண்டு வரியையும் எழுத எனக்கு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் முழுவதும் போய்விட்டது. ஆகவே மற்றச் சம்பிரதாயங்களைப் போன கடிதத்தில் இருந்தபடியே எடுத்துக்கொள்ளவும்.

எழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். சில வரி ஏறிப்போகும், சில வரி இறங்கிப்போகும். எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, கரையில் இழுத்துவிட்ட வள்ளங்கள் போல ஒன்றில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன. 'ழ' வரும் சொற்களை இயன்றவரை தவிர்த்திருக்கிறேன். ஆனால் எழுத்து என்ற சொல்லுக்குள்ளேயே அது போய் இருக்கிறது. யார் செய்த வேலையோ தெரியவில்லை. நீங்கள் இப்போது கடைசித் தாளைத் திருப்பி இது யாருடைய கை என்று பார்ப்பீர்கள். பார்க்கவேண்டாம், என்னுடையதுதான். 1957 இல் விவாகப் பதிவுப் புத்தகத்தில் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேனே, நீங்கள் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்தைப் பூப்போலப் போட்டுவிட்டு, "மாப்பிள்ளையின்ரை விரல் பந்தியிலை சோத்தை நீலமாக்கப் போகுது" என்று கோவில் வாசல்வரை கேட்கச் சொன்னீர்களே, அதே அருளையா. அதே விரல்தான் இப்போது பேனையைப் பிடித்திருக்கிறது. அதை நான் மனதில் வைத்திருக்கவில்லை. நாற்பத்தொரு வருடமாக மனதில் வைத்திருக்கவில்லை.

இது எப்படி நடந்தது என்று சொல்லமுதல் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற வைகாசியில் உங்கள் பசு இரட்டைக் கன்று போட்டதற்கு வாழ்த்தி இங்கிருந்து கடிதம் வந்திருக்கும். ஆனியில், நீங்கள் வெட்டிய கிணற்றில் தண்ணீர் இளநீர் போல வந்ததற்குச் சந்தோசம் தெரிவித்து இன்னொன்று வந்திருக்கும். உங்களிடம் பசுவும் இல்லை, கிணறும் இல்லை என்று எனக்கு இப்போதுதான் தெரியும். அவை எல்லாம் செல்வமலர் உங்கள் கடிதங்களில் வாசித்தவை. இந்த வருடம் பிறந்ததிலிருந்து அவளுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளைப் படலம் வளர்ந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்தால் வழக்கம்போல யன்னலடியில் கதிரையைப் போட்டு, தாளை விரித்து, தொண்டையைச் செருமி, "அன்புள்ள தங்கச்சி" என்று தொடங்குவாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவளே உண்டாக்கியது. பதிலையும் கைப்பழக்கத்தில் அவளே எழுதிப் போட்டுவிடுவாள். உள்ளதைச் சொன்னால், உங்களைவிட அவள் நன்றாக எழுதினாள். உங்கள் கடிதங்களில் பசு கன்று போடுவதில்லை.

பிடிபட்டது ஆடி மாதத்தில். வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரம் ஓய்வு. செலஸ்ரீனா பகேரியாவில் ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை செய்கிறாள், வியாழன் பின்னேரம் ரயில் ஏறி எங்களிடம் வருவாள். அன்றைக்கு வந்தவள், வைகாசியில் வந்து மேசையில் கிடந்த உங்கள் கடிதத்தை எடுத்து வாசித்தாள்.

"அம்மா, இதிலை மாமி படியிலை சறுக்கி விழுந்து கை முறிஞ்சு போச்செண்டல்லோ கிடக்கு. பசு எங்கை?"

"அது அடுத்த பக்கத்திலை."

"அடுத்த பக்கம் வெறுங்கடதாசி, அம்மா."

"எனக்குத் தெரியிறது உனக்குத் தெரியேல்லை எண்டா நான் என்ன செய்யிறது?"

நான் மூன்று விரலை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டி, இது எத்தனை என்று கேட்டேன். "எத்தினை எண்டு பிறகு சொல்லுறன், முதல் கை எங்கை இருக்கெண்டு சொல்லுங்கோ" என்றாள். அப்போதுதான் எனக்கு மற்றதும் விளங்கியது. நாங்கள் இருக்கிற அல்பெர்கேரியாவில் சந்துக்குச் சந்து மாதா சுரூபம் உண்டு. துணிக்கடைக்கு முன்னால் அவள் நின்று சிலுவை அடையாளம் போடுவதை நான் பெரிதாக எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால், நீல நிறத்தில் குளிப்பு அங்கி போட்ட கடைப் பொம்மை. சறோஜா அக்காவின் கை இப்போது எப்படி? கை முறிந்தவருக்குக் கன்றுக்குட்டி வாழ்த்து அனுப்பியதற்கு நான் என் இரண்டு கையாலும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன்.

பங்குக் கோவிலில் சனிக்கிழமைகளில் ஒரு வைத்தியர் சும்மா வந்து பார்ப்பார். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, படலம் முற்றிவிட்டது, ஒரு காலை நேர வேலைதான், வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் நத்தார்ப் பெருநாளுக்கு முதல் செய்யாவிட்டால் வலக்கண் தப்புவது கடினம் என்றார். ஆசுப்பத்திரியில் செய்ய ஒன்றுதான் வேண்டும், அரசாங்கத்தின் சுகாதார அட்டை. என்னிடம் எட்டு வருடமாக இருக்கிறது. அவள் வந்து நாலு வருடம், ஒரு தடிமன் காய்ச்சல்கூட வராத ஆள், நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் வந்தது செலஸ்ரீனாவின் தாய் என்ற கடதாசியில். ஆனால் குடியிருப்பது என்னோடு. ஆகையால் என் மனைவி என்று, என் அட்டையின் கீழ்த்தான் பதியவேண்டுமாம். அதற்கு விவாகச் சான்றிதழ் வேண்டுமாம். செலஸ்ரீனா காரணம் சொல்லாமல் எழுதிக் கேட்க, நீங்கள் நாலு முறை அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்து எடுத்து அனுப்பினீர்கள். அந்த உதவியை நான் மறக்கமாட்டேன். எல்லாத் தொல்லையும் அதிலிருந்துதான் தொடங்கியது.

அந்தச் சுகாதார அலுவலகம் செவ்வாயும் வியாழனும் காலையில் மட்டும் திறக்கும். செலஸ்ரீனாவுக்கு ஓய்வு வியாழன் பின்னேரம். அலுவலகமும் அவளும் ஒருவரை ஒருவர் சந்திக்க வழியே இல்லை. ஆகவே மாடிப்படி கழுவிக் கழுவி பதினொரு வருடத்தில் நான் சேர்த்த இத்தாலிய மொழியோடு நாங்கள் இரண்டு பேருமே போனோம். வாளியைப் பற்றி, ஈரப்படியைப் பற்றி, சப்பாத்தைத் துடைத்துவிட்டு ஏறவேண்டும் என்பதைப் பற்றி நான் எந்த மந்திரியோடும் அந்த மொழியில் கதைப்பேன். பெண்சாதியைப் பற்றிக் கதைத்துப் பழக்கமில்லை.

கடதாசிகளை வாங்கிக்கொண்டு எங்களை இருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் "சூசைமுத்து!" என்று கூப்பிட்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. 1961 இல் கடலில் போன என் அப்பாவை இவர்கள் எதற்குத் தேடுகிறார்கள் என்று யோசித்தேன். இங்கே தகப்பன் பெயரைத்தான் குடும்பப் பெயர் என்று கூப்பிடுவார்கள் என்பது தெரியாமல் இல்லை. பெர்மெசோ என்ற இருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும் இடங்களில் எல்லாம் செலஸ்ரீனா பக்கத்தில் இருந்து முழங்கையால் இடிப்பாள், நான் எழும்புவேன். அன்றைக்கு முழங்கை இல்லை. பிறகு "அருளையா!" என்று கூப்பிட்டார்கள். அது என் பெயர், எழும்பிப் போனேன். நீங்கள் இல்லை, சிஞ்ஞோறா அருளையா, அதாவது திருமதி அருளையா, வரட்டும் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் அவள் ஆடாமல் அசையாமல் இருக்கிறாள்.

"எழும்பன், உன்னையெல்லோ கூப்பிடுறாள்."

"என்னையோ? உங்களையெல்லோ கூப்பிட்டவள்."

"கடவுச்சீட்டிலை உனக்குப் பின்னாலை என்ரை பேர்தானே கிடக்கு. அது நீதான்."

"நான் எப்பிடி நீங்களாவன்? விசர்க்கதை கதையாதேங்கோ."

இதற்குள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்படி மூன்று முறை. மதியம் யன்னல் சாத்தும் நேரத்தில்தான் எங்கள் முறை வந்தது. யன்னலுக்குப் பின்னால் இருந்தவ, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு சிஞ்ஞோறா. சான்றிதழை ஒரு கையிலும் கடவுச்சீட்டை மறு கையிலும் பிடித்து மாறி மாறிப் பார்த்தா. "நீங்கள் கலியாணம் கட்டியிருப்பது சவேரிமுத்து செல்வமலரை. உங்களோடு வந்திருப்பது அருளையா செல்வமலர். முதல் மனைவி எங்கே?" என்று கேட்டா.

செல்வமலருக்கு இத்தாலிய மொழி நாலு வருடத்தில் அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் முதல், மனைவி என்ற இரண்டு சொல்லும் தெரியும்.

"ஏழு வருசம் இஞ்சை தனிய இருந்தனீங்கள்" என்றாள் என்னிடம். "இவள் சும்மா கேப்பாளே?"

"அந்த முதல் மனிசி நீதான்."

"அப்ப ரெண்டாவது ஆர்?"

"அதுவும் நீதான்."

"ரெண்டையும் என்ரை தலையிலை கட்டாதேங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ."

நான் சிஞ்ஞோறாவுக்கு எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். கலியாணத்துக்கு முதல் பெண் தகப்பன் பெயரோடு இருப்பாள், கட்டிய பிறகு புருசன் பெயரோடு இருப்பாள் என்றேன். தங்கள் நாட்டில் பெண் பிறப்பதும் சாவதும் தகப்பன் பெயரோடுதான் என்றா அவ. சரி, அப்படியே புருசன் பெயரை எடுத்தாலும், உங்கள் குடும்பப் பெயர் சூசைமுத்து, அப்போது இவ சூசைமுத்து செல்வமலர் என்றல்லவா இருக்கவேண்டும் என்று கேட்டா. "அது என் அப்பாவின் பெயர் சிஞ்ஞோறா, இவள் கட்டியது என் அப்பாவை இல்லை" என்றேன். சிஞ்ஞோறா கண்ணாடியைக் கழற்றி நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு சுவரில் இருந்த, இந்த ஊரின் பாதுகாவலி சாந்தா றொசாலியாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. கெட்ட மனுசி இல்லை. கடைசியில் ஒரு வழி சொன்னா. நகரசபையில் ஓர் அதிகாரிக்கு முன்னால், இரண்டு சாட்சியோடு, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே பெண்தான் என்று புருசன் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். ஐந்து கிழமையில் நேரம் எடுத்துத் தருவாவாம்.

"கையெழுத்துப் போடுவீர்கள்தானே? பெருவிரல் என்றால் நீதிமன்றத்தால் சுற்றி வரவேண்டும். அடுத்த கோடையாகிவிடும்."

அடுத்த கோடையில் வலக்கண் இல்லை. நான் "ஓம், போடுவேன்" என்றேன். வெளியில் வந்ததும் செல்வமலர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சாந்தா றொசாலியாவுக்கு முன்னாலை பொய் சொல்லிப்போட்டியள்."

"பொய் இல்லையப்பா. ஐஞ்சு கிழமை முந்திச் சொன்ன உண்மை."

மச்சான், அன்று பின்னேரமே தொடங்கினோம். ஊரில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவது பச்சையரிசியில். இங்கே நாங்கள் ரொட்டி சுடும் போறணைத் தட்டில் ரவையைப் பரப்பினோம். வெள்ளைத் தாளில் கறுப்பு மை அவளுக்குத் தெரியாது, ஆனால் ரவையில் கீறினால் விரலால் தடவிப் பார்க்கலாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு 'அ' எழுதுவாள். நான் அதன் மேலே என் விரலை விட்டு இழுப்பேன். பிறகு தட்டைக் குலுக்கிவிட்டு நானே எழுதுவேன். அவள் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள். "இது 'ரு' இல்லை, தூண்டில்." "இதென்ன, 'ளை'யோ, இல்லாட்டிக் கணவாயோ?" அறுபத்தாறு வயதில் பெண்சாதியிடம் இப்படிக் கேட்கவேண்டியிருந்தது. 1957 இலேயே சொல்லித்தருகிறேன் என்று கேட்டவள்தான். வலைக்காரனுக்கு எதற்கு எழுத்து என்று நான்தான் மீசையை முறுக்கினேன். இப்போது மீசையில் எல்லாம் ரவை. 'அ' பிடிபட மூன்று நாள். முழுப்பெயர் பிடிபட இரண்டு கிழமை. என் பெயரை எழுதினால் போதும், அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'அ' வந்தபிறகு 'ஆ' அங்கே பக்கத்தில் நிற்கும்போது எப்படிப் பார்த்துக்கொண்டு போவது? ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பிடித்ததை எல்லாம் கொப்பியில் எழுதி, வேலை முடிந்த பின்னேரங்களில் வாசித்தேன்.

ஒரு கவலைதான். எனக்கு வாசிக்கத் தெரிந்தது, ஆனால் பலெர்மோவில் வாசிக்க ஒன்றுமில்லை. பல்லாறோ சந்தையில் இருந்து கடற்கரை வரை நடந்து பார்த்துவிட்டேன், தமிழில் ஒரு பலகை இல்லை. வீட்டுக்குள் இருந்த தலையெண்ணெய்ப் போத்தல், மிளகாய்த்தூள் பை, பரிஸ் நகரத்தில் இருந்து வந்த நாட்காட்டி, செபப்புத்தகம் எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டேன். தலையெண்ணெயைக் கண்ணில் படாமல் பூசவேண்டும் என்று போட்டிருக்கிறது. இதை நாற்பது வருடமாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பிறகு செலஸ்ரீனா அவர்களுடைய எழுத்தையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தந்தாள். அவர்களுக்கு இருபத்தாறுதான். அதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு அலுவலகமும் நடத்துகிறார்கள். இப்போது படி கழுவும்போது ஒவ்வொரு கதவிலும் நின்று பெயரை வாசித்துவிட்டுத்தான் அடுத்த படி. கழுவி முடிய ஒரு மணித்தியாலம் கூடுதலாகிறது.

ஐப்பசி 22 ஆம் திகதி நகரசபைக்குப் போனோம். சாட்சிக்கு எங்கள் பங்கில் இருந்து பீலிக்ஸும் றோபேட்டும் வந்தார்கள். அதிகாரி கடதாசியை என் பக்கம் தள்ளி, விரலால் ஒரு கோட்டைக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டு, சட்டைக் கையை மடித்து, கோட்டை நன்றாகப் பார்த்துவிட்டுத் தொடங்கினேன். எவ்வளவு நேரம் சென்றது என்று தெரியாது. 'ளை' முடிந்து 'யா'வுக்கு வரும்போது பின்னால் நின்ற வரிசையில் ஓர் ஆள் ஏதோ முணுமுணுத்தார். பீலிக்ஸ் திரும்பி, "பொறுங்கோ ஐயா, நாப்பத்தொரு வருசத்துக் கையெழுத்து வருகுது" என்று தமிழிலேயே சொன்னான். அந்த ஆளுக்கு விளங்காவிட்டாலும் வாயை மூடினார். அதிகாரி என் கையெழுத்தைப் பார்த்து, இது கையெழுத்தா, படமா என்று கேட்டார். நான் இன்னொரு தாளை வாங்கி அதே பெயரை அதே மாதிரி இரண்டாம் முறையும் எழுதினேன், மூன்றாம் முறையும் எழுதினேன். நாலாம் முறைக்குத் தாளைத் திருப்பும்போது அவர் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டார்.

இனி எல்லாம் முடிந்தது என்று அடுத்த வியாழன் காலை சுகாதார அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிச் சிஞ்ஞோறா சத்தியக் கடதாசியை வாசித்துத் தலையை ஆட்டினா. எங்கள் கடதாசி, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் போட்டோ கொப்பி எடுக்க உள்ளே கொடுத்துவிட்டு, தட்டெழுத்து யந்திரத்தில் புது அட்டையைச் செருகிக்கொண்டு செல்வமலரைப் பார்த்து, "கொஞ்ஞோமே?" என்று கேட்டா. குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறா. நான் வாயைத் திறந்தேன். "நீங்கள் இல்லை சிஞ்ஞோர். பதிகிற ஆள்தான் தன் வாயால் சொல்லவேண்டும்" என்றா.

உங்கள் தங்கையை உங்களுக்குத் தெரியும். நாற்பத்தொரு வருடத்தில் ஒரு நாள் என் பெயரைச் சொன்னவள் இல்லை. இஞ்சேருங்கோ என்பாள், செலஸ்ரீனாவின்ரை அப்பா என்பாள். செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் அந்த மன்றாட்டு 'அருள்' என்று தொடங்குகிறதே, அது என் பெயரில் பாதி என்று அந்த இடத்தில் ஒரு இருமல் இருமிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவாள். ஐம்பத்துமூன்று மணிக்கு ஐம்பத்துமூன்று இருமல். பங்குச் சாமியார் அவளுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது இத்தாலி அரசாங்கம் அவளுக்கு வைத்திருக்கும் குடும்பப் பெயரே அதுதான். தன் பெயரைச் சொல்லவேண்டுமானால் என் பெயரைச் சொல்லவேண்டும். அவள் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"செலஸ்ரீனாவின்ரை அப்பா எண்டு சொல்லட்டே?" என்று மெல்லக் கேட்டாள்.

"அப்பிடிச் சொன்னா அட்டையிலையும் அப்பிடித்தான் அடிப்பாள்."

"நீங்கள் முன்னாலை நிக்க எப்பிடிச் சொல்லுறது?"

சிஞ்ஞோறா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா. தன் பெயரே தெரியாத ஆளை எப்படிப் பதிவது என்று பக்கத்து யன்னலுக்குச் சொன்னா. எனக்கு அந்த வலக்கண் நினைவுக்கு வந்தது.

"சரியப்பா, நான் வெளியிலை போய் நிக்கிறன். ஆள் இல்லாத இடத்திலை சொன்னாக் குற்றமில்லை. கண்ணை நினைச்சுச் சொல்லு" என்றுவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றேன்.

பிறகு ஏதோ மெல்லச் சொன்னாள் போல. சிஞ்ஞோறா, கேட்கவில்லை, பலமாக என்று சொல்வது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தம் வந்தது, மச்சான். பேசாலைக் கரையில் நின்று வள்ளத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற சத்தம். "அருளையா!" மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னை ஒருவர் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்? "ஓம்!" என்று கத்திக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே ஓடினேன். ஓடி வரும்போதே அவள் இன்னொரு முறையும் சொல்லிவிட்டாள், முதல் முறையைவிட வடிவாக. எனக்கு அந்தப் பெயர் அவ்வளவு நல்ல பெயர் என்று இதுவரை தெரியாது. கண்ணாடிச் சிஞ்ஞோறா சிரித்துச் சிரித்து யந்திரத்தில் தட்டினா, பக்கத்து யன்னல் சிரித்தது, வரிசை சிரித்தது. அட்டையில் முத்திரை குத்தி, கொப்பி எடுத்து வந்த கடதாசிகளோடு சேர்த்துச் செல்வமலரின் கையில் கொடுத்து, கையைக் குலுக்கியும் விட்டா. வெளியில் வந்து, சூடாகப் பொரித்த கடலைமாப் பனெல்லேயை பாணுக்குள் வைத்து வாங்கி, வழியெல்லாம் தின்றுகொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அட்டையை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். பின்னேரம் செலஸ்ரீனா வந்து, ஆசுப்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்து, கார்த்திகை 17 ஆம் திகதி காலை என்று நாள் குறித்துவிட்டாள். அன்றைக்கு அட்டையோடு வந்தால் போதுமாம்.

ஆகவே மச்சான், கண்ணைப் பற்றி இனி நீங்கள் கவலைப்படவேண்டியதில்லை. நாலு மாதமாக நாங்கள் பட்டதெல்லாம் ஒரு வழியாகத் தீர்ந்தது. உங்கள் அடுத்த கடிதத்தைச் செல்வமலருக்கு நானே வாசித்துக் காட்டுவேன். பசு, கன்று எதையும் புதிதாகச் சேர்க்கமாட்டேன். அவளுக்குக் கண் திறந்தால் முதலில் சாந்தா றொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவதாக நேர்த்தி வைத்திருக்கிறாள். அந்தக் குளிப்பு அங்கிப் பொம்மைக்கு என்ன நேர்த்தி வைத்தாளோ தெரியாது. சறோஜா அக்காவின் கைக்குப் பூரண சுகம் கிடைக்கவும், நீங்கள் உண்மையாகவே ஒரு கிணறு வெட்டி அதில் இளநீர் போலத் தண்ணீர் வரவும், உங்கள் கரையில் இருந்து போகும் ஒவ்வொரு வள்ளமும் கனத்தோடு திரும்பவும் மன்றாடுகிறோம்.

இங்ஙனம்,
உங்கள் தங்கையின் ஒரே கணவன்,
சூ. அருளையா
(கையெழுத்து. பெருவிரல் இல்லை.)

பி.கு.: கடித உறையை ஒட்டமுதல், வாசிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பின்னால் அட்டை இருந்தது. செலஸ்ரீனா எழுதித் தந்த தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் அருளையா என்று இருந்தது. சரி. அதற்குக் கீழே, பெயர் என்ற இடத்தில், மறுபடியும் அருளையா என்று இருந்தது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். செல்வமலரைக் கேட்டேன். நான் வெளியில் இருந்து ஓடிவந்த நேரத்தில் சிஞ்ஞோறா "நோமே?" என்று அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டிருக்கிறா. நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகு வாய் திறந்த சந்தோசத்தில் இவள் அதற்கும் என் பெயரையே சொல்லியிருக்கிறாள். "நல்லாத்தானே இருக்கு, ஒருக்காச் சொன்னாப் போதுமே?" என்கிறாள் என்னிடம். அந்த வியாழனில் இருந்து குசினிக்குள் நின்று நிமிடத்துக்கு ஒரு தரம் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், நிறுத்த முடியவில்லை. சான்றிதழில் ஒருத்தி, கடவுச்சீட்டில் ஒருத்தி, இப்போது அட்டையில் அருளையா அருளையா என்று மூன்றாவதாக ஒருத்தி. 17 ஆம் திகதி கண் வெட்ட அந்த மூன்றாவது ஆளைத்தான் தேடுவார்கள். ஆகவே கண்ணைப் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்று மேலே எழுதியதை இப்போதைக்குக் கணக்கில் எடுக்கவேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது செலஸ்ரீனா இல்லை, வேறு படித்த ஆள் ஒருவரும் இல்லை, நான். இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. நாளைக்கு வியாழன், எட்டு மணிக்கு யன்னல் திறக்கும்போது நாங்கள் முதல் ஆளாக நிற்போம். இந்த முறை கடவுச்சீட்டைக் கொப்பி எடுக்க விடமாட்டேன், முத்திரை குத்தமுதல் அட்டையை வாங்கி நானே வாசிப்பேன், எவ்வளவு நேரம் சென்றாலும் சரி. அடுத்த கிழமை உங்களுக்கு எழுதும்போது, எனக்கு எத்தனை மனைவி என்பதைச் சரியாக அறியத் தருகிறேன்.